மூன்று இடத்தில் சிக்கும் பாட்டு

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் பாட்டை வெட்ட வேண்டாம் என்று நான் ஏன் சத்தம் போட்டேன் என்பதை எழுதி வைக்கிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா போய் ஒரு வருடம் ஆக இருந்தது. திவசத்தன்று அவள் பாடிய முருகன் பாட்டைப் போட நினைத்தோம். மார்கழி பஜனைக்கு அவள் பாடிப் பழகியபோது நான் கேசட்டில் பதிந்தது. கேசட் பூஞ்சணம் பிடிப்பதற்குள் பெரியவன் அதை லேப்டாப்பில் ஏற்றிவிட்டான். அவள் குரல் என்று நமக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

போட்டால், ஒரு சொல் இரண்டு தடவை வரும், பிறகு நிற்கும்.

"அம்மாவ யாரோ நெனைக்கிறாங்க, அதான் விக்குது," என்றாள் சின்னவள்.

பொழுதுபட்டால் தோட்டத்து லய வீடுகளில் கரண்ட் குறையும், அதனால்தான் என்று பகலில் போட்டுப் பார்த்தேன். அப்போதும் அப்படியேதான். பஸ் ஏறி றக்வானை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு லேப்டாப்பைக் கொண்டு போனேன்.

"சத்தே ஹிரவெனவா," என்றேன். சத்தம் சிக்குகிறது என்று. கடைக்காரர் பொறுமையான சிங்களவர். பாட்டு ஓடும்போதே வைரஸைத் தடுக்கும் புரோகிராம் ஒவ்வொரு பைலாகச் சோதித்துக்கொண்டிருந்ததைக் காட்டி, அது ஓடும் நேரத்தை மாற்றினார். மற்றப் பாட்டெல்லாம் தண்ணீர் போல ஓடின. அம்மாவின் பாட்டு மட்டும் இன்னும் மூன்று இடத்தில் சிக்கியது.

அவர் ஹெட்போனை மாட்டி இரண்டு தடவை கேட்டார். பிறகு கழற்றி என் காதில் வைத்தார்.

"சத்தே நெவே, மாத்தயா. ஹுஸ்ம."

சத்தம் அல்ல ஐயா, மூச்சு. மூச்சு அடைத்தாலும் சிங்களத்தில் அதே ஹிரவெனவாதான்.

காதுக்குள் தெளிவாகக் கேட்டது. வரி முடியுமுன் மூச்சு அறுகிறது, ஒரு சின்ன இழுப்பு, மறுபடி பாட்டு.

பதிந்த அன்று அவள், "கொஞ்சம் இருங்க, நெஞ்ச அடைக்குது," என்றாள். நான் பட்டனில் விரலை வைத்தபடி, "ரீல் தீந்துரும் புள்ள, நிப்பாட்டாம பாடு," என்றேன். பாடினாள். அவளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனது அதற்கு ஐந்து மாதம் கழித்து.

"அந்த மூணு எடத்த மட்டும் வெட்டிருவோம்பா, ரெண்டு நிமிச வேல," என்றான் பெரியவன், நான் கடையிலிருந்து வந்ததும். அவனுக்கு இதெல்லாம் தெரியாது.

திவசத்தன்று மூன்றாவது இடம் வந்தபோது நான் எழுந்து வெளியே போனேன். பெரியவன்மேல் இன்னும் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். அவன்மேல் இல்லை.