ராக்கெட்டுக்கு ஆள் எடுத்த கதை

மாமா அன்றைக்குக் கேட்ட கேள்வியை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிவிடும். அதைவிட, நான் சொன்ன பதில்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் பிடிக்காமல், ருவான்வெல்லைக் கடைத்தெரு முதலாளி ஒருவரைப் பிடித்து, ராணுவ முகாம் ஒன்றின் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சிங்களத்தைச் சிங்களவரைப் போலவே பேசுவார் என்பதால் அந்த யுத்த காலத்திலும் அங்கே தாக்குப்பிடித்தார். விசேஷப் படைக்கு ஆள் எடுக்கும் முகாம் அது. லீவில் வந்தால் அந்தக் கதைகள்தான். இரும்பு போலிருந்தவன் மூன்றாம் நாளே மூட்டை கட்டியது, சேற்றில் மரக்கட்டையைச் சுமந்துகொண்டே ஒருவன் தூங்கிப்போனது என்று, தானே அங்கே ஓடியது போலச் சொல்வார்.

அந்த லீவில் ஒரு சாயங்காலம், கார் பேட்டரியில் ஓடிய எங்கள் டிவியில் விண்வெளிக்காரர்கள் சிலர் ஒரு சின்ன அறைக்குள் மிதந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் நாலு பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தோம்: அண்ணன், நான், தம்பி, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவிலிருந்த பெரியப்பாவின் மகள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். என்னைவிட ஒரு வயது பெரியவள். இந்த லயத்திலிருந்து யாரையாவது கூப்பிட்டால் யார் போவது என்று பேச்சு வந்தது. நான்தான் என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

ராக்கெட்டுக்கு ஆள் எடுப்பதும் படைக்கு ஆள் எடுப்பதும் ஒன்றுதான், நாளைக்கு நானே எடுத்துத் தருகிறேன் என்றார் மாமா.

மறுநாள் காலை ரப்பர் மலையில் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடிவிட்டு வரச் சொன்னார். முதல் நாள் மழையில் தரை வழுக்கியது. வளைவில் அண்ணனை முழங்கையால் தள்ளிவிட்டு நான் முதலில் வந்தேன். தம்பியின் காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு நின்ற அக்கா கடைசியில் வந்தாள். வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி மூச்சடக்கியதிலும் நான்தான் முதல்.

பிறகு பழைய புகை அறை. ஒருகாலத்தில் ரப்பர் சீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைத்த இடம், ஜன்னல் கிடையாது. நாலு பேரும் உள்ளே போனதும் மாமா கதவைச் சாத்தினார். ஒருவர் அழுதாலும் எல்லாரும் தோற்றதாகக் கணக்கு. உள்ளே கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, தொண்டை கரித்தது. தம்பி மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தான். நான் அவன் தொடையைத் தேடிப்பிடித்துக் கிள்ளி, சத்தம் வந்தால் வெளியே போய் இன்னும் கிடைக்கும் என்றேன். அண்ணன் ஏதோ சொல்ல வந்தபோது அவனையும் அதட்டினேன். தம்பி அழவில்லை. கதவு திறந்தபோது அவன் அக்காவின் மடியில் இருந்தான். எல்லாரையும் கட்டிக் காத்துக் கரைசேர்த்தது நான்தான் என்ற நினைப்போடு வெளியே வந்தேன்.

மாமா படியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அந்தச் சின்ன ராக்கெட்டுக்குள் ஒரு வருசம் அடைந்து கிடக்க வேண்டும். கூட யாரைக் கூட்டிக்கொண்டு போவாய்? பேரைக் காதில் மட்டும் சொல்ல வேண்டும்.

என் முறை வந்ததும் குனிந்து சொன்னேன்.

"நான்தான் மாமா."

"நீ இல்லம்மா. ஒன்கூட யாரு?"

"யாரும் வேணாம். நான் தனியாவே போயிருவேன்."

மாமா என்னைத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னார். சிரிக்கக்கூட இல்லை.

அக்காவைத்தான் எடுத்திருப்பதாகச் சொல்லி, முகாமிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டின்னை அவள் கையில் கொடுத்தார். ஓடத் தெரியாதவளிடம். என் பேரை எத்தனை பேர் சொன்னார்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். ரெண்டு பேர் என்றார் மாமா.

அதோடு விட்டிருக்கலாம். யார் அந்த ரெண்டு பேர் என்று திரும்பினேன். அண்ணன் மலையைப் பார்த்தான். நான் வாய் திறப்பதற்கு முன்பே தம்பி இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு அக்காவின் பாவாடைக்குப் பின்னால் போனான். அக்கா டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா பொய் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவர்களுக்கும் புரிந்தது.

"அங்கயும் அப்படித்தாம்மா," என்றார் மாமா மெதுவாக. "எல்லாத்துலயும் மொதல்ல வந்த ஒருத்தன, கூட இருந்தவங்க யாருமே கேக்கல. பையத் தூக்கிட்டுப் போயிட்டான். ராக்கெட்டுக்கும் இப்படித்தான் பாப்பாங்கன்னு அங்க ஒரு ஆபீசர் மாத்தயா சொன்னாரு."

பீலிக்கு ஓடிப்போய், விழுந்துகொண்டிருந்த தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுத்து நின்றேன். அழுதால் தெரியக்கூடாது. கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். பிஸ்கட் டின்னைக் கல்லில் வைத்துவிட்டு, பாதி எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்றேன்.

"நீதான்டி கெட்டிக்காரி," என்றாள். "ஒன் பேரத்தான் சொல்லலாம்னு பாத்தேன். ஒன்கூட அடஞ்சு கெடக்கிறதுன்னா பயமா இருந்துச்சு. அவங்களுக்கும் அப்படித்தான்."

நான் தலையை நிமிர்த்தினேன். பயமா? உண்மையாகவா என்று கேட்டேன். ஆமாம் என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. ஈரத்தைத் துடைத்துக்கொண்டு மூன்று பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்ததும் அடுப்படியில் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நடந்த போட்டிகளை ஒன்றுவிடாமல் சொல்லி, கடைசியில், "எல்லாருக்கும் என்னப் பாத்தா பயம்மா. தம்பிக்குக் கூட," என்றேன்.

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அடுப்பு வெளிச்சத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னொரு ரொட்டி கேட்டேன்.