எதிரே வரும் பலகை

புதுப்பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள். பெண்வீட்டார் சீர் கொண்டுபோய் முறையாகக் கூப்பிட வேண்டும். வைகாசியில் கல்யாணமான என் அக்கா, யாரும் கூப்பிடப் போகுமுன்பே நாகர்கோவிலிலிருந்து ஒற்றைப் பையோடு பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டாள். வேறு மாதமாக இருந்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். ஆனி முடிகிற சமயம் என்பதால் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நாம கூப்பிடப் போகுமுன்னயே அனுப்பிட்டாவ. எவ்வளவு நல்ல மனசு பாத்தியா!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்படித்தானட்டி?" என்று கேட்டதற்கு அக்கா "ஆமா" என்றாள்.

அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் ஆமாதான். சாப்பிட்டியா, ஆமா. தலை வலிக்கா, ஆமா. கல்யாணத்துக்கு முன்னால் என் மண்டையில் குட்டாமல் ஒரு நாள் கழித்தவளில்லை. இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மத்தியானம் தையல்கடைக்குத் துணைக்குப் போனபோது, "வாக்கா" என்று மார்க்கெட் பக்கத்து வீடியோ கேம் கடைக்குள் இழுத்துப் போய்விட்டேன்.

பெண்கள் எட்டிப்பார்க்காத இடம் அது. உள்ளே நின்ற பயல்கள் எல்லாம் திரும்பி வாயைப் பிளந்தார்கள். கடை அண்ணாச்சிதான் அதட்டினார். "என்னலே முழிக்கிய? அந்தப் பிள்ள ஆடக்கூடாதா?" அவளுக்கு ஒரு ஸ்டூலும் எடுத்துப் போட்டார்.

இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். இடிந்த கோட்டை ஒன்றில் இரண்டு குட்டிப் பூதங்கள் தட்டுத்தட்டாகத் தாவி ஏற வேண்டும். பச்சை எனக்கு, சிவப்பு அவளுக்கு. பேய் துரத்தும். அந்தரத்தில் இரண்டு பலகைகள் எதிரெதிராக மிதந்து வரும். நாம் நிற்கிற பலகை நேரே முள்சுவருக்குத்தான் போகும். இரண்டும் பக்கத்தில் வருகிற நொடியில் எதிர்ப்பலகைக்குத் தாவினால் பிழைத்தோம். நான் ஒவ்வொரு தடவையும் பிந்திப்போய் விழுவேன். அவள் ஒரு தடவைகூட விழவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "இப்பச் சாடுலே" என்பாள். அவள் சொன்னால் எனக்கும் தாவ வந்தது.

ஆடி முழுக்கப் போனோம். ஒரு நாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அங்கன எங்கிட்ட ஒருத்தரும் பேசமாட்டாவ. அவரும்தான். சோறு வைப்பாவ, தின்னுட்டு இருப்பேன். நான் அங்கன போகலலே."

"அடிக்காவளா?"

"அதுக்கும் ஆள் இருக்கது தெரியணும்லா."

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். "அது அதிகம் பேசாத குடும்பம்லே. புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்றாள். அப்பா பேப்பரை மடித்தார், மறுபடி விரித்தார். அவ்வளவுதான்.

ஆவணி பிறந்ததும் அத்தானும் அவர் அம்மாவும் காரில் வந்தார்கள். "கெளம்பு தாயி" என்றார் அப்பா. அக்கா ஏறிக்கொண்டாள். கண்ணாடி வழியாக அவள் எங்களைப் பார்க்கவுமில்லை. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசித்தது.

நேரே கடைக்குப் போனேன். தனியாக ஆடினேன். பலகை வந்தது, விழுந்தேன். மறுபடி வந்தது, மறுபடி விழுந்தேன்.

"அக்கா வரலியோ?" என்றார் அண்ணாச்சி.

"ஊருக்குப் போயிட்டா."

சாயங்காலம் ஆகிற நேரத்துக்கு வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் அக்காவின் செருப்பு கிடந்தது. உள்ளே அவள் அடுக்களையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கையில் கரண்டியோடு பக்கத்தில் நின்றாள்.

"என்னக்கா ஆச்சு?"

"நாங்குநேரியில காப்பி குடிக்க நிப்பாட்டினாவ. எல்லாரும் இறங்கி உள்ள போனாவ. என்னைய வான்னு ஒருத்தரும் கூப்பிடல." மோரை ஊற்றிக்கொண்டாள். "எதுத்தாப்ல திருநெல்வேலி பஸ் வந்துச்சுலே. சாடிட்டேன்."

"ஐயோ, பாவி மகளே! புள்ளையக் காணுமேன்னு அவங்க பதறிப்போயிருப்பாவளே" என்று அம்மா வெளியே ஓடினாள். எங்களுக்குப் போன் வந்தால் பக்கத்து வீட்டுக்குத்தான் வரும். அங்கே போய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். விளக்கு வைத்தார்கள். அந்த வீட்டில் சாப்பாடு முடிந்தது. கடைசிப் பஸ்ஸும் போனது. போன் வரவில்லை, யாரும் தேடியும் வரவில்லை.

அம்மா திரும்பி வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.