வாயைத் திறக்காத சாட்சி

பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பது என் தொழில். பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில் இதைச் சொல்லிவிட்டு, டீ வருவதற்குள் எழுந்து வந்திருக்கிறேன். போதை ஊசி போடுகிறவர்களுக்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நோய் தொற்றக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. மனு எழுதி அலுத்தவர்களே, மிச்சக் கதை உங்களுக்குப் புரியும்.

கழுவின ஊசி

ஏழுமலை திண்டிவனத்தில் பெயின்டர். முதல் முறை பழைய ஊசிகளைக் கொடுக்க வந்தபோது, அத்தனையையும் சோப்புப் போட்டுக் கழுவிப் பேப்பரில் மடித்துக் கொண்டுவந்திருந்தான். கையில் குத்திக்கொண்டால் என்ன ஆகும், அப்படியே டப்பாவில் போட வேண்டியதுதானே என்று கத்தினேன். அவன் பதிலைக் கேட்டதும் எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

"ஒருத்தர் கையில குடுக்கிற பொருள அழுக்காவா குடுக்கிறதுண்ணா?"

மேஸ்திரியின் கேள்வி

போதை ஊசியை விடுவதற்கு விழுப்புரம் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை தருகிறார்கள். தினமும் காலையில் நர்ஸ் கண்ணெதிரே நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். பேசினால் எச்சிலோடு உள்ளே போய்விடும், அன்றைய மருந்து வீண். ஏழுமலை ஒரு நாள் தவறவில்லை, ஊசியையும் தொடவில்லை. ஆனால் பஸ் பிடித்துத் திண்டிவனம் திரும்பப் பதினோரு மணியாகிவிடும். அதற்குள் அவன் இடத்தில் வேறு ஆள் பிரஷ் பிடித்துக்கொண்டிருப்பான். வேலை போனால் பஸ் காசுக்கு வழியில்லாமல் மாத்திரையும் நின்றுபோகும், அப்புறம் மறுபடி ஊசிதான். மேஸ்திரியிடம் கெஞ்சப் போனேன்.

"மாத்திர போட்டா மனுசன் ஆயிடுவான்னு சொன்னீங்க, ஆயிட்டான். வேலைக்கு எப்பங்க வருவான்?"

குறைதீர் நாள்

திண்டிவனத்திலேயே மாத்திரை கொடுக்கச் சொல்லி இரண்டு மனு போட்டுப் பதில் இல்லை. மூன்றாவது மனுவோடு ஏழுமலையையே சாட்சிக்கு அழைத்துப் போவது என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை காலை, கரையும்வரை என் பொறுப்பு என்று நர்ஸிடம் சொல்லி, மாத்திரை வைத்த வாயோடு அவனை ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். கலெக்டர் ஆபீசில் வரிசை நீளமாக இருக்கும், அதற்குள் கரைந்துவிடும் என்று நினைத்தேன். அன்றைக்குப் பார்த்துக் கூட்டமே இல்லை.

அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, போதைக்காரனுக்கு அரசாங்கமே ஊருக்கு ஊர் மாத்திரை கொடுக்கணுமா என்றார். இவனே சொல்வான் சார் என்று பெருமையாக ஏழுமலையைக் காட்டினேன். அவன் கும்பிட்டான், வாயைத் திறக்கவில்லை. பாக்கைத் துப்பிவிட்டு வா என்றார். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். நான் அவசரமாக விஷயத்தைச் சொன்னதும் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், ஏழுமலையைப் பார்த்தார். ஒரு மாத்திரை கரைவதற்காக மூன்று பேரும் காத்திருந்தோம். கடைசியில், தினமும் இந்தப் பாடா, நீ எப்போதுதான் வேலைக்குப் போவாய் என்று அவரே கேட்டார். மாத்திரை கரைந்து முடிந்திருந்தது; ஏழுமலை எச்சிலை விழுங்கினான்.

"அதத்தான் சார், அண்ணன் மூணு வாட்டியா எழுதிக் குடுத்துக்கினு இருக்காரு."

திண்டிவனத்தில் இப்போது காலை ஏழு மணிக்கே மாத்திரை கிடைக்கிறது; பக்கம் பக்கமாக நான் எழுதியும் வராத கையெழுத்து, அவன் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு வந்தது.