போய்ச் சொல்லாத வார்த்தை

அன்று காலை பால் சொசைட்டியில் இருந்தவர்கள் பால் அளக்கும் கோவிந்தன், மாட்டுத் தரகர் முனுசாமி, எதிர்வீட்டு ராணியக்கா, அப்புறம் நான். கடன் வாங்கிப் பிடித்த என் ஒரே பசு வீட்டில் வயிறு உப்பி, மூச்சுத் திணறிக் கிடந்தது. என்ன செய்வது என்று அழுதபடி கேட்டேன்.

"போன மாசம் காய்ச்சலுக்கு வைத்தியம் சொன்னேனே, மாடு பொழைச்சுதுன்னு வந்து ஒரு வார்த்தை சொன்னியா?" என்றார் தரகர். "நான் சொன்னது சரியான்னு கோவிந்தன்கிட்ட போயி கேட்டுக்கினு நின்னே. இப்பவும் அவனையே கேளு."

"என்னையும் நம்பாம அக்காகிட்ட போனியே. அக்காவ கேளு," என்றார் கோவிந்தன்.

"நான் இன்னா டாக்டரா? தரகரையே கேளும்மா," என்று ராணியக்கா சொல்ல, மூவரும் சிரித்தார்கள்.

எனக்குப் பயந்த சுபாவம். நாலு பேரைக் கேட்டால்தான் மனசு ஆறும். சொன்னவர்களுக்கு அது அவமானம் என்று, ஐந்தாம் வகுப்போடு நின்ற என் புத்திக்கு எட்டவில்லை.

தரகரின் காலைப் பிடித்தேன். பீடியை நிதானமாக இழுத்து முடித்துவிட்டு, "வாயில எண்ணெய் ஊத்தி நடக்க வுடு, போ" என்றார். ஓடினேன். பசு செத்துக் கிடந்தது.

திரும்பப் போனேன். மூவரும் அங்கேயே பேசிக்கொண்டிருந்தார்கள். "செத்துப்போச்சிங்க. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றேன்.

இப்போதெல்லாம் யாரிடம் எது கேட்டாலும் முடிவைப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.