கண்ணாடி போட்டு மாட்டிய கடிதம்

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் பாம்பன் தபாலாபீசில் குமாஸ்தா. கொழும்புக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி மீனவர்கள் வருவார்கள். பதிலுக்கு அவர்களிடம் நான் கேட்டது சொற்களைத்தான். எந்தக் காற்றுக்கு என்ன பேர், எந்த நீரோட்டத்துக்கு என்ன பேர் என்று ஏழு வருஷம் கேட்டு எழுதியதில் ஒரு கடல் அகராதியே சேர்ந்துவிட்டது.

ராமநாதபுரத்தில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். தமிழைக் காப்பதே தன் வேலை என்று மேடைக்கு மேடை முழங்குவார். புத்தகம் அச்சேற ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்க மூன்று முறை அவர் வாசலில் போய் நின்றேன். மூன்று முறையும், "அய்யா குளிக்கிறாக" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு மனிதன் அப்படி என்னதான் குளிப்பான்!

பிறகு மதுரையில் ஓர் அச்சகத்தார் தாங்களாகவே முன்வந்தார்கள். செய்தி பரவிய மறுநாளே பெரிய மனிதரின் ஆள் வந்து நின்றான். முதல் பக்கத்தில் அவர் படம் வர வேண்டுமாம். கீழே 'இந்நூலை வளர்த்த வள்ளல்' என்று போட வேண்டுமாம். வளர்த்தாராம்!

எனக்கு ஓர் ஆங்கில எழுத்தாளர் மேல் பித்து. இருநூறு வருஷத்துக்கு முன்பு வறுமையில் கிடந்து அகராதி செய்தவர். கடைசி நேரத்தில் ஆதரவு காட்ட வந்த பிரபுவை ஒரே கடிதத்தில் ஒதுக்கியவர். கோபத்தை மரியாதைக்குள் மடித்து வைக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. ஏழைக்கும் தன்மானம் உண்டு என்பதை நான் படித்தது அவரிடம்தான். நானும் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, குத்தலும் நயமுமாக, ஆங்கிலத்திலேயே ஒரு மறுப்பு எழுதி அனுப்பினேன்.

பதிலே இல்லை. ஒரு மாதம் கழித்து, அந்த வீட்டு விருந்துக்கு மீன் கொண்டுபோன என் மீனவ நண்பர் வந்து சொன்னார்.

"ஒங்க கடுதாசிய கண்ணாடி போட்டு கூடத்துல மாட்டியிருக்காக சார். பாம்பன் குமாஸ்தா இங்கிலீஷ்லயே பொகழ்ந்து எழுதியிருக்காருன்னு வாரவுக போறவுகளுக்கெல்லாம் காட்டுறாக. படம் கூட நேரா மதுரைக்கே போயிருச்சாம்."

வெள்ளைக்காரன் போன பிறகும் ஆங்கிலத்தில் வந்தால் அது பாராட்டுத்தானா? அந்த வீட்டில் படித்தவன் ஒருவன்கூடவா இல்லை? கத்தித் தீர்த்தேன். கடிதத்தில் இருந்ததையெல்லாம் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

நண்பர் பொறுமையாகக் கேட்டார். "எங்ககிட்ட அம்புட்டு வார்த்த வாங்குனீகளே சார். வேணாம்னு சொல்றதுக்கு அதுல ஒண்ணுகூடவா ஒதவல?"

அத்தனை கோபமும் என் மேலேயே திரும்பியது. படத்தை நிறுத்தச் சொல்லி மதுரைக்குத் தந்தி அடித்துவிட்டு ராமநாதபுரத்துக்கு ரயிலேறினேன்.

அன்றைக்கும் குளித்துக்கொண்டுதான் இருந்தார். நான் நேரே கூடத்துக்குள் நுழைந்தேன். அவர் செய்தித்தாளும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வேட்டி மடிப்புக்கூடக் கலையாமல்.

"ஒங்க படம் எம் புத்தகத்துல வேணாம்" என்றேன்.

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப, இந்தா இங்கிலீஷ்ல எழுதியிருக்கது?"

"அதுவும் இதேதான்."