ஏலக்காய்க் களத்தில் இறங்கிய ஹெலிகாப்டர்

விமானக் காட்சியில ஹெலிகாப்டர் கிளம்பினதும் எண்ணெய்ப் புகை வாடை மூக்குல ஏறுச்சு. காத்து அடிச்ச அடியில நான் என்னையறியாம குப்புறப் படுத்துக் கண்ணை மூடிக்கிட்டேன். எந்திரிக்கிறதுக்குள்ள அது மேகத்துக்குள்ள போயிருச்சு.

"என்ன ஆத்தா, குண்டா போட்டாங்க?"ன்னு மகன் சிரிச்சான்.

அவனுக்கு என்ன தெரியும்? போடிக்கு மேல ஏலத்தோட்டத்துல எங்கம்மா காயெடுத்த காலத்துல, அந்தச் சரிவுல சமதரைன்னா காய் உலர்த்துற களம் ஒண்ணுதான். மருந்தடிக்கிற ஹெலிகாப்டரும் அதோட ஓரத்துலதான் எறங்கணும், எறங்கினா காயெல்லாம் பறந்துரும்னு, சத்தம் கேட்டதுமே கங்காணி காய் மேல படுதாவைப் போட்டு, படுதா மேல பிள்ளைக எங்களைக் குப்புறப் படுக்க வைப்பாரு, அடியில காய் நெஞ்சைக் குத்தும், காத்து முதுகுல அறையும், "தலையைத் தூக்குனா தோலை உரிச்சிருவேன்"னு அவர் கத்துறது கேக்கும். அது தரையில நிக்கிறதைப் பாத்திருக்கேன். எறங்குறதையும் ஏறுறதையும் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல.

இப்ப அந்தக் களத்துல விடுதி கட்டிட்டாங்க. மகன் கூட்டிட்டுப் போன மியூசியத்துலயெல்லாம் றெக்கை சுத்தாத ஹெலிகாப்டர்தான் நிக்குது. இங்கயாவது பாத்துரலாம்னு வந்தா, இந்தப் பாழாப்போன உடம்பு பழக்கத்தை விடல.

"பாத்தாச்சுல்ல, வெரசா வா, பஸ்சு போயிரும்"னான்.

நாலு பேர் முன்னாடி நான் அவனை எதுத்துப் பேசினதில்ல.

"நீ போ அப்பு. மேல போனது எறங்கித்தானே ஆகணும்"னு சொல்லிட்டு, வேலிக்கம்பியை இறுக்கிப் பிடிச்சு நின்னேன்.