ஒத்து என்றால் ஒத்து

எனக்கு மன்னிக்கிற புத்தி கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடித்து, "பாவம், பெரிய மனுஷர்" என்று அவருக்காக யாராவது உச்சுக்கொட்டினால் அவர்களோடும் எனக்குப் பேச்சில்லை.

அவர் புள்ளியியல் இயற்பியல் பேராசிரியர். எண்ண முடியாத துகள்கள் கூட்டமாகச் சேர்ந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போடுகிற படிப்பு அது. அவர் கையில் ஒரே ஒரு சமன்பாடு இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு முதலில் பணப் பொருளியலுக்குப் போனார். எல்லோரும் ஒத்துக்கொள்வதால்தான் வெறும் காகிதம் பணமாகிறது என்றார். பிறகு சட்டத்துக்குப் போனார். எல்லோரும் ஒத்துக்கொள்வதால்தான் வெறும் வாக்கியம் சட்டமாகிறது என்றார். இரண்டு இடத்திலும் கைதட்டல் வாங்கியாயிற்று. அடுத்து ஒலியியல் மேல் கண் விழுந்தது. அவருடைய ஆய்வகத்தில் ஒலியியல் என்றால் நான் ஒருத்திதான். ஒப்பந்த வேலை.

சுற்றியிருக்கும் இரைச்சல் ஏற ஏற, நாயனக்காரரின், அதாவது நாதஸ்வரம் வாசிப்பவரின், சுருதி நகருமா? இது என் கேள்வி. சிங்கப்பூரில் இரைச்சலுக்கா பஞ்சம்! லிட்டில் இந்தியாவின் கல்யாண மண்டபங்கள், ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடி, செங்காங்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம் என்று வாராவாரம் மைக்குகளைச் சுமந்துகொண்டு அலைந்தேன். எத்தனை கல்யாணத்தில் சாப்பாட்டைக் கோட்டை விட்டிருக்கிறேன் தெரியுமா?

நாயனத்துக்கு ஒரு மைக், தவிலுக்கு ஒன்று, ஒத்துக்கு ஒன்று. நாயனத்தின் பின்னால் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் ஒத்து. முன்பெல்லாம் அதற்கென்று ஒரு குழல் உண்டு, ஊத ஓர் ஆளும் உண்டு. இப்போது சின்னதாக ஒரு மின்சாரச் சுருதிப்பெட்டி. சுவிட்சைப் போட்டால் ஙொய் என்று பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும். ஆனாலும் வாசிப்பவர்கள், "அக்கா, ஒத்து போட்டாச்சு, ஆரம்பிக்கலாமா?" என்றுதான் கேட்பார்கள். கணினியில் நானும் மூன்று ஃபோல்டருக்கு அப்படியே பெயர் வைத்தேன்: நாயனம், தவில், ஒத்து.

ஒருநாள் பெரிய கருத்தரங்குக்கு அவர் அனுப்பிய கட்டுரைச் சுருக்கம் கண்ணில் பட்டது. கேள்வி என்னுடையது, வாக்கியங்களில் பாதி என்னுடையவை. பெயர் மட்டும் அவருடையது. அந்தக் கட்டுரையில் என் பெயர் இல்லையென்றால் எனக்கு அடுத்த வேலை இல்லை. நேராக அவர் அறைக்குப் போனேன்.

"ப்ராஃப், என் பேரு இல்லையே?"

"நன்றின்னு கீழ போட்டிருக்கேனே மா."

"ஐடியாவே என்னுது ப்ராஃப்."

"நீ ரெக்கார்ட் பண்ணே, கரெக்ட். அதுக்காக மைக் பிடிக்கிறவங்க பேரெல்லாம் போட முடியாது லா."

சிங்கப்பூர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' ஒட்டி, சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று ஜாலான் புசாரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓர் இரும்புச் சாமான் கடைக்குள் நுழைந்து, சுத்தியல் ஒன்றை எடுத்துக் கனம் பார்த்தேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். சும்மா என்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.

சுத்தியல் தேவைப்படவில்லை. அடுத்த வாரம் அவரே என் மேசைக்கு வந்தார். வீட்டில் ஆங்கிலம்தான், ஆனால் பள்ளியில் தமிழில் ஏ கிரேடு வாங்கியதை ஊரெல்லாம் சொல்லுவார்.

"மா, இந்த மூணாவது ஃபோல்டர் ஒத்துதானே?"

"ஆமா ப்ராஃப், ஒத்துதான்."

"குட். அப்போ மத்த ரெண்டும் வேணாம். ஒத்துப்போன டேட்டா மட்டும் போதும்."

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிடச் சுகமான மௌனத்தை நான் அனுபவித்ததில்லை. அவர் ஒருமுறை அந்த ஒலியைக் கேட்டிருந்தால் போதும், தெரிந்திருக்கும். கேட்பதெல்லாம் மைக் பிடிக்கிறவர்கள் வேலையாயிற்றே!

கருத்தரங்கில் பொருளியல்காரர்கள், வழக்கறிஞர்கள், இயற்பியல்காரர்கள் என்று அரங்கு நிறைந்திருந்தது. பேச்செல்லாம் ஆங்கிலத்தில். கேள்வி நேரத்தில் மைக்கை ஆள் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை அவர் என்னிடமே ஒப்படைத்தார். திரையில் கோடு போட்ட மாதிரி நேரான ஒரு வரைபடம். வெளியே எவ்வளவு இரைச்சல் வந்தாலும் கலைஞர்கள் இம்மியும் நகரவில்லை, பணம், சட்டம், சுருதி மூன்றுக்கும் விதி ஒன்றே என்றார். வாயெல்லாம் பல்.

முதல் கேள்வி சட்டத்துறைப் பேராசிரியை ஒருவருடையது. "மனிதர்கள் இவ்வளவு கச்சிதமாக ஒத்துப்போவார்களா? நாங்கள் பார்க்கிற சாட்சிகள் யாரும் அப்படி இல்லையே."

"அதுதான் அதிசயம்" என்றார் அவர்.

மைக்கைத் திரும்ப வாங்கினேன். அடுத்த ஆளிடம் போகவில்லை. என் வாய்க்குக் கொண்டுபோனேன்.

"அந்தப் பதிவை நீங்கள் காதால் கேட்டீர்களா?"

"எண்கள் போதும்" என்றார்.

என் போனிலிருந்த ஒத்துப் பதிவைத் தட்டி மைக்கருகே பிடித்தேன். அரங்கு முழுக்க ஙொய். நிற்கவே இல்லை.

"இவர் மூச்சே விடவில்லையே. யார் இந்தக் கலைஞர்?" என்றார் பேராசிரியை.

"கலைஞர் இல்லை, பெட்டி. சுவிட்சைப் போட்டால் பாடும்."

முதலில் பின்வரிசையில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தை இப்போதும் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

என் ஒப்பந்தம் நீளவில்லை, அது நடக்கும் என்று தெரியும். அக்கம்பக்கத்து இரைச்சல் வழக்குகளை ஆராய அந்தச் சட்டப் பேராசிரியை என்னைச் சேர்த்துக்கொண்டார். அங்கிருந்தபடியே நாயனம் ஃபோல்டரை வைத்து என் கட்டுரையை எழுதினேன். சுருதி நகர்கிறது. கொஞ்சம்தான், ஆனால் நகர்கிறது. மேலே என் பெயர் மட்டும்.

அது வெளிவந்த வாரம் அவர் போன் செய்தார். அவருடைய கட்டுரையைக் கருத்தரங்குக்கு முன்பே ஓர் ஆய்விதழ் அச்சிட்டிருந்தது. இப்போது விளக்கம் கேட்டு நெருக்குகிறார்களாம். குரலில் அப்படி ஒரு பாசம்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச வேலைதானே மா. உன் பேரையும் போட்டுடறேன். தப்பையும் சேர்ந்தே ஒத்துக்கலாம்."

இதற்காகத்தானே காத்திருந்தேன்.

"அதெப்படி ப்ராஃப்? மைக் பிடிக்கிறவங்க பேரெல்லாம் போட முடியாது லா."